காசுக்கு ஒரு ஸ்டாண்டு

நாலாவது ஸ்டாண்டு ஒரு சாக்குப்பைக்குள் வந்தது. கல்யாண ஸ்டூடியோக்காரர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சு விட்டபடி மாடியேறி வந்து, என் அறையின் நடுவில் இறக்கிவைத்தார். "இனிமே இது ஆடணும்னா பூமிதான்மா ஆடணும்" என்று சொல்லி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய ஸ்டூடியோவில் இருட்டறை இருந்த காலத்தில் பிலிமைப் பெரிதாக்கிக் காகிதத்தில் அச்சிட்ட பொறியின் அடிப்பாகம் அது. மேலே இருந்த விளக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டால் கனமான ஒரு பலகையும், அதில் நட்டுவைத்த இரும்புத் தூணும், தூணில் ஏறி இறங்கும் ஒரு கையும் மிஞ்சும். அந்தக் கையில் கேமராவைக் கவிழ்த்து மாட்டினால் பலகையில் வைத்த காசை அது நேர் மேலிருந்து பார்க்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் இரண்டு வருடம் நாயாக அலைந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான் பத்துப் படங்கள் அனுப்பியாக வேண்டும். அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் படமெடுப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பத்துப் படமும் பிடித்திருந்தால் அந்த வேலை எனக்கு. பிடிக்காவிட்டால், அண்ணனின் பழங்காசுக் கடைக்கு மேலே இருக்கும் இந்த அறையிலேயே, அண்ணனின் கேட்டலாக்குக்கு மங்கலாகப் படமெடுத்துக்கொண்டு கிழவியாகலாம். எனக்கு முப்பத்து நாலு வயது. கிழவியாவதற்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது, ஆனால் அதை இங்கேயே செலவழிக்க எனக்கு இஷ்டமில்லை.

மங்கல் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் என் இரண்டு வருடக் கதை. ஒரு காசைத் திரை முழுக்கப் பெரிதாக்கும்போது கேமராவின் அசைவும் அதே அளவுக்குப் பெரிதாகிவிடும். காசில் புடைத்திருக்கும் ராஜாவின் மூக்குக்கும், அவரைச் சுற்றியிருக்கும் எழுத்துக்கும் உயர வித்தியாசம் ஒரு கெட்டித்தாளின் கனம்தான். அந்தக் கனத்துக்குள்தான் தெளிவு நிற்கும். மூச்சு விட்டால் போய்விடும். பக்கத்துக் கட்டடத்து அச்சகம் ஓடினால் போய்விடும். முன்பு எனக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. பழைய லென்ஸ் பூஞ்சை பிடித்துப் போனதும், சேர்த்துவைத்த பணத்தில் புது லென்ஸ் வாங்கினேன். அன்றிலிருந்துதான் படங்களில் ஒரு மெல்லிய பால்தன்மை. பார்த்த உடனே தெரியாது. உற்றுப் பார்த்தால், எல்லா விளிம்பும் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

அதை முதலில் சொன்னவர் அருங்காட்சியக மேடம்தான். நாணயப் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி. ஒரு காசுக் கண்காட்சியில் அண்ணனின் கேட்டலாக்கைப் புரட்டிவிட்டு, படம் எடுத்தது யார் என்று கேட்டு என்னைத் தேடி வந்தார். "வெளிச்சம் ரொம்ப அழகா வச்சிருக்கீங்க. இப்படி வைக்க எங்ககிட்ட ஆளே இல்ல. ஆனா படம் உறுதியா நிக்கலையேம்மா. ஸ்டாண்டை மாத்திப் பாருங்க." நான் பத்து நாள் அந்த ஒரு பாராட்டிலேயே சோறு தின்றேன். பதினோராம் நாள் ஸ்டாண்டை மாற்றக் கிளம்பினேன்.

அப்போது என்னிடம் இருந்தது சாதாரண மூன்று கால் ஸ்டாண்டு. அதன் நடுத்தண்டைத் தலைகீழாகச் செருகி, கால்களுக்கு நடுவில் கேமராவை வௌவாலாகத் தொங்கவிடுவேன். வெளிச்சம் வைக்கும் இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு கால் குறுக்கே நிற்கும். அதைவிட மோசம், திருகை இறுக்கிக் கையை எடுத்த பிறகு கேமரா ஒரு மயிரிழை கீழே சரியும். கண்ணுக்குத் தெரியாது, காசுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் கை நீட்டும் கனமான மூன்று கால் ஒன்றை வாங்கினேன். நீட்டிய கையின் நுனியில் கேமரா இருந்தால் அது தூண்டில்போல ஆடும் என்பது வாங்கின பிறகுதான் புத்தியில் உறைத்தது. மறுமுனையில் மணல் பை தொங்கவிட்டேன். மணல் பையும் சேர்ந்து ஆடியது. மூன்றாவதாக, படம் நகலெடுப்பதற்கென்றே விற்கிற ஒற்றைத் தூண் ஸ்டாண்டு. பெட்டியில் அச்சடித்த படத்தில் அது கம்பீரமாக இருந்தது. பிரித்தால் தூண் என் சுண்டுவிரல் கனம். அடியில் கடப்பைக் கல் வைத்தேன், கல்லுக்கடியில் சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்தேன். கையால் அழுத்தாமல் ரிமோட்டில் அழுத்தினேன். அச்சகக்காரர்கள் சாப்பிடப் போகும் அரைமணி நேரத்துக்காகக் காத்திருந்து எடுத்தேன். படம் வந்தது, பால்தன்மையும் கூடவே வந்தது.

ஸ்டாண்டு ஆடவில்லை, தரை ஆடவில்லை என்றால் மிச்சம் இருப்பது நான்தான். கேமராவை முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தித் தெளிவு பார்க்கும் திருகை என் விரல்கள்தானே திருப்புகின்றன? ஒருநாள் அண்ணனிடம் போய்க் கேட்டேன். "அண்ணா, என் கை நடுங்குதா பாரு." அவன் காசு பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, நீட்டிய என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, "அப்பாவுக்கும் இப்படித்தான் பாப்பா ஆரம்பிச்சது" என்றான்.

அப்பா கம்பவுண்டராக இருந்தவர். ஊசி போட்டால் எறும்பு கடித்தமாதிரிகூட இருக்காது என்று பேர் வாங்கியவர். ஐம்பதைத் தாண்டியதும் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. ஊசி போட வந்தவர்கள் முதலில் கண்ணை மூடிக்கொண்டார்கள், அப்புறம் "நர்சம்மா இல்லீங்களா?" என்று கேட்டார்கள், அப்புறம் அவரைப் பார்த்ததும் வரிசையை மாற்றிக்கொண்டார்கள். கடைசி வருடங்களில் அண்ணன்தான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான். நான் அப்போது பள்ளிக்கூடம். என் ஜடையையும் அண்ணன்தான் பின்னினான், கோணல்மாணலாக. அப்படிப்பட்டவன் வாயிலிருந்து "அப்பாவுக்கும் இப்படித்தான்" என்று வந்தால், நான் எந்தத் தராசில் போட்டு நிறுப்பது? அன்றிலிருந்து தினமும் காலையில், மாடிக்குப் போகும் முன், தண்ணீர் நிறைந்த டம்ளரை நீட்டிப் பிடித்து அண்ணன் முன்னால் நிற்பேன். அவன் தண்ணீரையே பார்ப்பான். சில நாள் "இன்னைக்குப் பரவால்ல" என்பான். சில நாள் ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போவான். ஒன்றும் சொல்லாத நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது. நரம்பு டாக்டரிடம் அவனே கூட்டிப்போனான். மூன்று மணி நேரம் கூட உட்கார்ந்திருந்தான். உங்கள் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் நான் அழுதுவிட்டேன். வெளியே வந்ததும், "அப்பாவுக்கும் மொத டாக்டர் இதையேதான் சொன்னாரு. நீ மனசைப் போட்டு அலட்டிக்காத" என்றான். அந்த ஒரு வார்த்தையில் டாக்டர் காணாமல் போனார்.

மேடம் போன மாதம் போன் செய்து, இப்படி ஒரு வேலை இருக்கிறது, விண்ணப்பம் போடுங்கள் என்றபோது நான் அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். "நம்ம அடுத்த கேட்டலாக்ல வர்ற பத்து வெள்ளிக்காசையே எடுத்து அனுப்பச் சொல்றாங்க. அனுப்பட்டுமா?" அவன் மறுப்பான் என்று நினைத்தேன். நான் போய்விட்டால் அவனுக்குப் படமெடுக்க ஆள் இல்லை. ஆனால் அவன் சிரித்தான். "அனுப்பேன். யாரு வேண்டாம்னா? கிடைச்சா நல்லதுதானே." எவ்வளவு பெரிய மனசு என்று நான் உருகிப்போனேன்.

ஸ்டூடியோக்காரர் வேலையில் கறாரானவர். பலகையின் நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு, காசு வைக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை மல்லாக்க வைத்தார். அது நானும் செய்வதுதான். கேமரா வழியாகப் பார்த்தால் கண்ணாடியில் லென்ஸ் தன்னையே பார்த்துக்கொள்ளும். லென்ஸின் கண் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது என்று அர்த்தம். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். தூணின் திருகை இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி பார்த்தார். நிமிர்ந்து கேமராவுக்கு அடியில் தலையை விட்டு, லென்ஸை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, இதைப் போட்டுக்கிட்டா காசு எடுக்குறே?"

"எதை?"

"லென்ஸ் முனையில மாட்டியிருக்கியே, இந்தக் கண்ணாடியை."

"அது தூசிக்கு சார். லென்ஸ் வாங்கின அன்னைக்கு எங்க அண்ணன் வாங்கிக் கொடுத்தது. கீறல் விழாம இருக்க."

அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தூசிக்கா? இது என் கடைச் சரக்கும்மா. நான்தான் உங்க அண்ணனுக்குக் கொடுத்தேன். இது கல்யாணப் பொண்ணுக்குப் போடுற கண்ணாடி. மூஞ்சியில பரு, அம்மைத் தழும்பு எதுவும் தெரியாம பளபளன்னு காட்டும். தங்கச்சிக்குக் கல்யாணம், வீட்டுலயே படம் எடுக்கப் போறோம்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரே." கொஞ்சம் தயங்கி, "கல்யாணம் ஆயிருச்சா?" என்றார்.

"இல்ல."

"வளையத்துல எழுத்து இருக்குமே, பார்க்கலையா?"

வளையத்தில் எழுத்து இல்லை. அது இருக்கவேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. அதை நான் கவனிக்காமல் இல்லை. மலிவுச் சரக்கு, பேர்கூடப் போடாமல் விற்கிறான், பாவம் அண்ணன் ஏமாந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அரத்தால ராவியிருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லி, வந்ததைவிட வேகமாகப் படியிறங்கிப் போனார். ஒரு வீட்டு விஷயத்துக்குள் தெரியாமல் காலை வைத்துவிட்டவரின் வேகம் அது.

இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கழற்றிப் பார்க்கவில்லையா என்று யாரும் கேட்பார்கள். நானே அன்று என்னை நூறு தடவை கேட்டுக்கொண்டேன். கழற்றாதே, மரை போய்விடும் என்று அண்ணன் சொல்லியிருந்தான், அதனால் கழற்றவில்லை. நிமிர்த்திப் பார்த்தால் அது சுத்தமான கண்ணாடியாகத்தான் தெரிந்தது. ஸ்டாண்டைச் சந்தேகப்பட்டேன். தரையைச் சந்தேகப்பட்டேன், அச்சகத்தைச் சந்தேகப்பட்டேன், செத்துப்போன அப்பாவின் ரத்தத்தைச் சந்தேகப்பட்டேன். அண்ணன் வாங்கிக் கொடுத்ததைச் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றவே இல்லை. தினமும் காலையில் மெத்தென்ற துணியால் அந்தக் கண்ணாடியைத்தான் பக்தியோடு துடைத்திருக்கிறேன். என்னைப்போல ஒரு மக்கு இந்த உலகத்தில் இருக்க முடியாது.

மரை போகவில்லை. இரண்டு சுற்றில் கழன்று வந்தது.

முதல் காசை வைத்தேன். திருகைத் திருப்பினேன், ரிமோட்டை அழுத்தினேன். பக்கத்தில் அச்சகம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காத்திருக்கவில்லை. திரையில் படம் வந்தபோது நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டேன். அவ்வளவு பக்கத்தில் ராஜாவின் முகம். கண் இமை, மூக்குத் துவாரம், காதுக்குள் அடைந்திருந்த நூறு வருட அழுக்கு. இது என் கை எடுத்த படம். என் கை நன்றாக இருந்தது. இரண்டு வருடமும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. சந்தோஷம் வந்தது, நிஜமாகவே வந்தது. அதற்கு முழுசாக ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் ராஜாவின் கன்னம் முழுக்கக் கோடுகள். துணியில் பொடி வைத்து ஒரே பக்கமாகத் தேய்த்தால் விழுகிற மெல்லிய கோடுகள். தலைமுடியில் கோடுகள் இன்னும் ஆழமாக இருந்தன. தேய்ந்து மொழுக்கையாகிப்போன முடியை யாரோ ஊசிமுனையால் ஒவ்வொரு இழையாகப் புதிதாகக் கீறியிருந்தார்கள். பழங்காசுக்காரர்களிடம் ஒரு கண்டிப்பு உண்டு. காசு கறுத்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம், அதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசையும் கீறித் திருத்திய காசையும் தெருநாயைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அண்ணன் கடையின் பின்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், அழுக்கை ஊறவைத்து எடுக்கிறேன் என்பான். இரண்டாவது காசை வைத்தேன். மூன்றாவது. பத்தில் ஏழு காசுகள் அப்படி இருந்தன. கேட்டலாக்கைப் பார்த்துத் தபாலில் வாங்குகிறவர்கள் என் படத்தை நம்பித்தான் வாங்குகிறார்கள். வெளியூரிலிருந்து அவர்கள் எழுதும் கடிதங்களை அண்ணன் எனக்குப் படித்துக் காட்டுவான். படத்தில் பார்த்தபோதே மனசு போய்விட்டது என்று எழுதியிருப்பார்கள். போகத்தான் செய்யும். மணப்பெண்ணுக்குப் போடும் கண்ணாடியாயிற்றே.

மூன்று மணிக்கு அண்ணன் மேலே வந்தான். புதுத் தூணைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனம்" என்றான். பிறகு திரையைப் பார்த்தான். மேசையில் தனியாகக் கிடந்த கண்ணாடி வளையத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் என்ன வரும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஸ்டூடியோக்காரர் சொன்னாரா?"

"சொன்னாரு. எனக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னும் கேட்டாரு."

"பாப்பா, நான் யாரையும் ஏமாத்தல. காசு நிஜக் காசு. கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, கொஞ்சம் பாலிஷ் போட்டேன். ஊர்ல எவன் போடல? வாங்குறவன் சந்தோஷமாத்தானே வாங்கறான்? தேய்ஞ்ச காசுன்னு எழுதி வச்சா எவன் வாங்குவான்? இந்தக் கடைதானே உனக்கும் எனக்கும் சோறு போடுது?"

"காசை விடு. என் கைக்கு என்ன?"

அவன் மேசையில் கிடந்த வளையத்தை விரலால் நகர்த்தினான்.

"தினம் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு உன் முன்னால நின்னேனே. நீயும் பார்த்தியே. இன்னைக்குப் பரவால்லன்னு சொன்னியே. என்னத்தைப் பார்த்துட்டுச் சொன்னே?"

"நானா வந்து சொன்னேன், உனக்கு நடுக்கம்னு? நீதான் கையை நீட்டிக்கிட்டு வந்து கேட்டே. நான் இல்லைன்னு சொல்லல. அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லைன்னு சொன்னா அடுத்து நீ அந்தக் கண்ணாடியைத்தானே கழட்டுவே" என்றான்.

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவன் சொன்னதில் பாதி நிஜம். என் பயத்தை அவன் உண்டாக்கவில்லை. அது தானாக முளைத்தது, அவன் தண்ணீர் ஊற்றினான். டாக்டரிடம் மூன்று மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானே, அப்போது அவன் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும்? நான் அழுதபோது முதுகில் தட்டினானே, அந்தக் கை எப்படித் துணிந்தது? என் ஜடையைப் பின்னிய கையும் அதுதான். அருங்காட்சியகத்துக்கு அனுப்பேன் என்று சிரித்தது பெரிய மனசால் இல்லை. என் படம் தேறாது என்று இந்த உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

"அந்தப் படத்தை அனுப்பாத பாப்பா. அந்தம்மா பார்த்தா கடையை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு வாரம் கேளு. நான் வேற நல்ல காசா வெளியில வாங்கித் தர்றேன்."

"இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசி."

"அப்ப அதை மாட்டி எடு. இந்த ஒரு தடவை."

அவன் கண்ணாடி வளையத்தை எடுத்து என் பக்கம் நீட்டினான். சாதாரணமாக நீட்டினான், உப்பை எடுத்துக் கொடுப்பதுபோல. என் வேலையை, என் கையை, இனி நான் இருக்கப்போகும் வருடங்களையெல்லாம் அவன் கடைக்குக் கீழே மடித்துவைக்கச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நியாயத்துக்காக, முகம் தெரியாத வெளியூர்க்காரர்களுக்காக நான் அதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படியில்லை. கோபத்தில் செய்தேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் படத்தையும் மின்னஞ்சலில் இணைத்து, கீழே என் பெயரை எழுதி அனுப்பினேன். போய்விட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. அண்ணன் அந்த வரியைப் படித்தான். வளையத்தை மேசையில் வைத்தான். கீழே இறங்கிப் போனான்.

நான் காசுகளைப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காசுகளை மாடியில் விட்டுவைக்கக் கூடாது என்பது கடை வழக்கம். கோபத்திலும் வழக்கம் மறக்கவில்லை. கடையில் ஓர் ஆள் தன் சேகரிப்புக்கு உறை வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரிடம் மழை வருமா வராதா என்று சிரித்துப் பேசினான். அவர் போனதும் சிரிப்பு அப்படியே இருந்தது, அணைக்க மறந்த விளக்குமாதிரி. நான் பெட்டியைப் பூட்டிச் சாவியை அவன் முன்னால் வைத்தேன். அவன் சாவியைத் தொடவில்லை. இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலரை மணி இருக்கும். அவன் போன் அடித்தது. திரையில் வந்த பெயரைப் பார்த்து அவன் நிமிர்ந்து நின்றான்.

"வணக்கம் மேடம். சொல்லுங்க மேடம்."

மேடம் கொஞ்ச நேரம் பேசினார். எனக்கு வார்த்தைகள் கேட்கவில்லை, குரலின் மேடு பள்ளம் மட்டும் கேட்டது. நான் அண்ணனையே பார்த்தேன். இப்போது அவன் ஒத்துக்கொள்வான், வேறு வழி இல்லை, ஒத்துக்கொண்டுவிட்டால் நானும் ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்றுகூட நினைத்தேன். என் மனசு அவ்வளவு சீக்கிரம் இறங்குவதைப் பார்த்து எனக்கே எரிச்சலாக இருந்தது.

"கோடா? அய்யய்யோ, அது காசுல இல்ல மேடம்" என்றான் அண்ணன். குரலில் தேன் வழிந்தது. "படம் அசைஞ்சா அப்படித்தான் கோடுகோடா விழுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல... தங்கச்சிக்குக் கை நடுக்கம் மேடம். எங்க அப்பாவுக்கு இருந்த அதே வியாதி. ரெண்டு வருசமாச்சு. நரம்பு டாக்டர்கிட்டகூடக் காட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். பாவம், வெளிய சொல்லிக்க மாட்டா. உங்ககிட்ட வேலை கிடைச்சிரும்னு ரொம்ப ஆசைப்பட்டா, நானும் மனசு கேக்காம சரின்னுட்டேன்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் எதிரிலேயே, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் கண்ணில் வெட்கம் இல்லை, கெஞ்சல் இருந்தது. சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டால் என்னைப் பார்ப்பான், நான் அப்பாவிடம் நான்தான் உடைத்தேன் என்று சொல்வேன். சின்னப்பிள்ளையை அப்பா அடிக்கமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதே பார்வை. அந்தப் பக்கம் மேடம் ஏதோ கேட்டார். "இங்கதான் மேடம் இருக்கா. குடுக்கறேன்" என்று அவன் போனை மேசைக்கு மேலாக நீட்டினான்.

நான் வாங்கிக்கொண்டேன். போன் அவன் காதுச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னம்மா இது, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மேடம். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "கைக்கு என்ன ஆச்சு?"

அண்ணன் மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, போனைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.